கால்மாட்டு நாற்காலி

எனக்கு முதலில் கெடுதல் செய்தவர் சீலாஸ் வாத்தியார். அவருக்குப் பின்னால் எத்தனையோ பேர் செய்திருக்கிறார்கள். அவர்களையெல்லாம் வரிசையில் நிறுத்தி வைத்திருக்கிறேன், முதல் ஆள் நகர்ந்தால்தானே அடுத்தவருக்கு வழி. அந்த முதல் ஆள் இப்போது என் முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளி இரும்புக் கட்டிலில் மல்லாந்து கிடக்கிறார். பல் செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டு ஜன்னலில் வைத்திருக்கிறார்கள். அது இல்லாமல் வாய் உள்ளே போய்விட்டது. இந்த வாயா அத்தனை பேர் நடுவில் என்னை, இல்லை, வாய் இல்லை, செய்தது கை. வலது கை. அது போர்வைக்கு வெளியே கிடக்கிறது. நகம் வெட்டிச் சுத்தமாக வைத்திருக்கிறாள் மருமகள் சலோமி. நல்ல பெண், இந்த வீட்டுக்கு அவள் அதிகம். டெட்டால் வாசனையும் அதற்கு அடியில் மூத்திர வாசனையும் வருகிறது. மூக்குக்குத் தெரிகிறது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் சபையில் ஒருவர் சாகக் கிடந்தால் நாலு பேர் போய்ப் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்போம். உடனமர்தல் என்று பெயர். சத்தமாக ஜெபிக்க மாட்டோம், பாட மாட்டோம், எண்ணெய் பூச மாட்டோம். வீட்டுக்குள் நுழையும்போதும் பேச்சு கிடையாது, தலையை ஆட்டிவிட்டு உட்கார வேண்டியதுதான். யாருக்காவது உள்ளேயிருந்து சொல் வந்தால் எழுந்து நின்று சொல்லலாம். வராவிட்டால் பாதகமில்லை. கட்டிலுக்குக் கிட்டே இருக்கிறவர், போதும் என்று அவருக்குத் தோன்றும்போது, படுத்திருப்பவரின் கையைப் பிடித்துக் குலுக்குவார். அதோடு முடிந்தது. ஆராதனைக் கூட்டத்தையும் சபை மூப்பர் இப்படித்தான் கை குலுக்கி முடிப்பார். இன்றைக்குக் கிட்டே இருக்கிறவன் நான். வயதில் மூத்தவன் என்று இந்த நாற்காலியைக் காட்டினார்கள். அந்தப் பக்கம் பல்பொருள் கடை வைத்திருக்கும் தீத்து, கண்ணை மூடிக்கொண்டு தொந்திமேல் கை கோத்திருக்கிறான். சுவரோரம் மிரியாம், எங்கள் சபையின் எழுத்தர். நாலாவது ஆள் வரவில்லை, பேரனுக்குக் காய்ச்சலாம். அந்த நாற்காலி சும்மா இருக்கிறது. அதைப் பார்க்கக் கூடாது என்றுதான் நான் வாத்தியாரின் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் எதற்கு வந்தேன் என்று கேட்டால் பேசாமல் இருந்ததால் வந்தேன். எங்கள் முறை அப்படி. பாதிரியார் கிடையாது, ஞானஸ்நானத் தண்ணீர் கிடையாது, அப்பமும் ரசமும் கிடையாது, சத்தியம் பண்ணுவது கிடையாது. கை தூக்கி ஓட்டுப் போடுவதும் கிடையாது. மாதக் கூட்டத்தில் எழுத்தர் ஒரு காரியத்தை முன்னால் வைப்பார், எல்லோரும் அமைதியாக இருப்போம், யாரும் எழுந்து வேண்டாம் என்று சொல்லாவிட்டால் கூட்டத்தின் மனம் அதுதான் என்று எழுதிவிடுவார். போன கூட்டத்தில் மிரியாம் எழுந்து, "சீலாஸ் ஐயாவுக்கு உடனமர ஏனோக்கு மாமா போனா நல்லாருக்கும்னு எனக்குத் தோணுது" என்றாள். சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். மின்விசிறி சுற்றியது. முன் பெஞ்சில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஊர் மொத்தத்துக்கும் தெரியும் நான் வாத்தியாரோடு கை குலுக்காதவன் என்று. வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று சொல்ல ஆரம்பித்தால் நாற்காலியில் ஆரம்பிக்க வேண்டும். நாக்கை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் எழுதிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம் படித்தவள், நல்ல எண்ணத்தில் செய்தாள், நல்ல எண்ணத்தில் செய்யப்படுவதற்கு எதிராக எங்கள் சபையில் எந்த முறையும் கிடையாது. ஊரில் எங்களை ஊமைச் சபை என்பார்கள். பக்கத்துத் தெரு அல்லேலூயா சபை ஒலிபெருக்கி இப்போதும் கேட்கிறது, வாரம் முழுக்க ஏதாவது ஒரு கூட்டம் அங்கே. வரும் வழியில் தீத்து சொன்னான், "நாம பேசாததையும் சேத்து அவங்க பேசிடறாங்க டிரைவரண்ணே, கணக்கு சரியாப்பூடுது." எல்லோரும் நண்பர்கள், ஒருவருக்கும் பட்டம் வேண்டாம், பேரைச் சொல்லியே கூப்பிடுங்கள் என்றுதான் சபையை ஆரம்பித்த வெள்ளைக்காரப் புருஷன் பெண்சாதி சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் கப்பல் ஏறியவுடன் வாத்தியார் ஐயா ஆகிவிட்டார். நான் டிரைவர். வண்டியை விற்றுப் பல வருஷம் ஆகியும் டிரைவர்.

பச்சை மெட்டடார் வேன். கல்லேரி, மேல்பட்டறை, பூங்குளம் என்று மலையடிவாரத்தில் ஆறு சபை, ஆறுக்கும் அந்த ஒரு வண்டிதான். ஊழியத்துக்குப் போகிறவர்களையும், பிரசவத்துக்குப் போகிறவர்களையும், பாயையும் அரிசி மூட்டையையும் நான்தான் ஏற்றி இறக்கினேன். ஒவ்வொரு சபையிலும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் உட்கார்ந்திருக்கிறேன். மேல்பட்டறையில் ஆடு உள்ளே வந்துவிடும், யாரும் விரட்ட மாட்டார்கள், விரட்டினால் சத்தம். பூங்குளத்தில் ஒரு கிழவி எல்லா வாரமும் எழுந்து நின்று, "கர்த்தர் நல்லவர், என் மருமவளுக்குப் புத்தி குடு" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காருவாள். ஒருவரும் அவளை நிறுத்தியதில்லை. மருமகளும் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். சொல் யாருக்கு வேண்டுமானாலும் வரும், படித்தவன் படிக்காதவன் பார்த்து வராது என்று வாத்தியார்தான் சொல்லிக்கொடுத்தார். நான் நம்பினேன். அந்தக் கை கொஞ்சம் அசைந்த மாதிரி இருக்கிறது. இல்லை. விசிறிக் காற்றில் போர்வை. போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன், ஏறினால் என்ன, இறங்கினால் என்ன. இல்லை, எனக்கு முன்னால் போய்விடக் கூடாது. சொல்வதற்கு முன்னால் போய்விடக் கூடாது. சொல்லத்தான் வந்தேனா? வரும்போது அப்படி நினைக்கவில்லை. செருப்பைக் கழற்றும்போது நினைத்தேன். வலது பாதம் செருப்பைவிட்டு வந்ததா வரவில்லையா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சர்க்கரை வந்ததிலிருந்து அந்தப் பாதம் என்னுடையது இல்லை. ஒரு தடவை ஆணி ஏறியதே தெரியாமல் சந்தைக்குப் போய்த் திரும்பி வந்தேன். வீட்டுத் தரையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, யார் காலில் அடிபட்டது என்று தேடினேன். அந்த மாதிரிதான். என் பெண்சாதி பெபேயை நினைத்தாலும் இப்போது அந்த மாதிரிதான். எங்கேயோ ரத்தம் இருக்கிறது, யாருடையது என்று தெரியவில்லை.

பெபேயாள் என்று பேர். ரோமருக்கு எழுதின நிருபத்தில் வருகிற பேர். நான் பெபே என்பேன். ஆண்டுக் கூட்டம் கல்லேரியில் நடக்கிற வாரம் அது. ஆறு சபை ஜனமும் வந்து தங்கும், வடக்கேயிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் விருந்தாளிகள். பெபேக்கு வயிற்றில் கட்டி, பெரிய ஆஸ்பத்திரியில் இனி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் கிடத்தியிருந்தேன். ஒரு நாள் காலையில், "எனக்கு ஒண்ணும் வேணாம், சபையிலருந்து நாலு பேரு வந்து கூட ஒக்காந்தா போதும்" என்றாள். வாத்தியாரிடம் போய்ச் சொன்னேன். பந்தல் போடும் இடத்தில் நின்றுகொண்டிருந்தார், கையில் கயிறு. "வர்றோம் ஏனோக்கு, இன்னிக்கே வர்றோம். நீ விருந்தாளிங்களை மேல்பட்டறைக்குக் கூட்டினு போய்ட்டு வந்துடு" என்றார். நான் வீட்டுக்கு வந்து நாலு நாற்காலி போட்டேன். இரண்டு எங்களுடையது, இரண்டு பக்கத்து வீட்டில் வாங்கியது. துடைத்துப் போட்டேன். பிறகு வண்டியை எடுத்தேன். அவர் சொல்லித்தான் எடுத்தேன். திரும்பி வந்தபோது நாற்காலி நாலும் போட்ட இடத்தில் போட்டபடி இருந்தது. மறுநாளும் கேட்டேன். "விருந்தாளிங்களை பூங்குளத்துல விட்டுட்டு வா, நாங்க அதுக்குள்ள போய்ட்டு வந்துர்றோம்." மறுநாளும் நாற்காலி அப்படியே. ஒன்றின் மேல் மட்டும் பூனை படுத்திருந்தது. யாரும் கெட்டவர்கள் இல்லை. இவர் போயிருப்பார் என்று அவர் நினைத்தார், அவர் போயிருப்பார் என்று இவர் நினைத்தார். ஆனால் யார் போக வேண்டும் என்று பேர் சொல்லி அனுப்புவது மூப்பருடைய வேலை. மூப்பர் இவர். பக்கத்து வீட்டம்மா வந்து, "நாற்காலி இன்னும் வேணுமா, எங்க வூட்டுல ஆளு வந்துக்கீது" என்று கேட்டாள். இன்னும் ஒரு நாள் இருக்கட்டும் என்றேன். மூன்றாம் நாள்.

மூன்றாம் நாள். சொல்ல வந்தால் இந்த இடத்தில்தான் எப்போதும் நிற்கும். மேடேறும்போது மெட்டடார் இரண்டாவது கியரில் திணறுமே, அந்த மாதிரி. மூன்றாம் நாள் சாயங்காலம் நான் உள்ளே போனேன். விறகடுப்புப் புகை வீட்டுக்குள் வந்திருந்தது. யாரும் வரலையா என்று நான் வாய்விட்டுச் சொன்னேன் போலிருக்கிறது. பெபே உதட்டில் விரல் வைத்தாள். "சத்தம் போடாதீங்க, எல்லாரும் ஒக்காந்துனு இருக்காங்க பாருங்க" என்றாள். நாலு நாற்காலியையும் பார்த்தாள், ஒவ்வொன்றாக, ஆள் முகத்தைப் பார்க்கிற மாதிரி. பயம் இல்லை. இரண்டு நாளாக இருந்த பயம் முகத்தில் இல்லை. நானும் வாசலோரம் தரையில் உட்கார்ந்தேன், நாற்காலியில் உட்காரத் தோன்றவில்லை, ஆள் இருந்தார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் போனாள். இவ்வளவுதான். இதைச் சொல்லத்தான் பிறகு கூட்டத்தில் எழுந்து நின்றேன். குற்றம் சொல்ல நான் நிற்கவில்லை. அடக்கத்துக்கு ஆறு சபை ஜனமும் வந்தார்கள், விருந்தாளிகளும் வந்தார்கள், நாற்காலி போதவில்லை. நான் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. ஆண்டுக் கூட்டத்தின் கடைசி நாள் பெரிய ஆராதனையில் உட்கார்ந்திருந்தபோது, கிழவிக்கெல்லாம் வருகிற சொல் எனக்கு வந்தது. முட்டி ஆடியது. நெஞ்சு இடித்தது. அப்படி வந்தால் எழுந்துவிட வேண்டும், அடக்கக் கூடாது என்பார்கள். எழுந்தேன். என் ஆயுசில் ஒரே தடவை. முன் பெஞ்சில் விருந்தாளிகள், அவர்களுக்குக் காதோடு மொழிபெயர்க்க ஒரு பெண். நான் சொன்னேன், "பெபே படுத்திருந்தப்போ நான் நாலு நாற்காலி போட்டேன். சபையிலருந்து ஒருத்தரும் வரல. மூணாம் நாள்..." மூப்பர் பெஞ்சில் வாத்தியார் பக்கத்திலிருந்தவர் பக்கம் திரும்பினார். கையை நீட்டினார். குலுக்கினார். கூட்டம் முடிந்தது. ஒருவர் பக்கத்தவர் கையை, அவர் அடுத்தவர் கையை, பெஞ்சு பெஞ்சாக வந்துவிட்டது. சலசலவென்று எழுந்தார்கள், பிள்ளைகள் ஓடின, மொழிபெயர்த்த பெண் பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் நின்றுகொண்டேயிருந்தேன், வாய் திறந்தபடி. இப்போது இவர் வாய் திறந்திருக்கிறதே, இந்த மாதிரி. எனக்குப் பக்கத்தில் இருந்தவன் என் கையைத் தேடிப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனான். பிறகு வேன் பக்கத்தில் வாத்தியார் வந்தார். "விருந்தாளிங்களுக்கு ரயிலுக்கு நேரமாச்சு ஏனோக்கு, அதான். நீ அப்புறம் சொல்லு" என்றார். நான் ரயிலடிக்கு வண்டி ஓட்டினேன். ரயில் வர நேரமிருந்தது, எல்லோரும் காப்பி குடித்தார்கள். அப்புறம் என்பது வரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் கை குலுக்கும் முன்னால் வண்டியைக் கிளப்புகிற சாக்கில் வெளியே போய்விடுவேன். வண்டியை விற்ற பிறகும் போய்விடுவேன், என்ன கிளப்பப் போகிறேன் என்று யாரும் கேட்டதில்லை.

வெளியே ஸ்கூட்டரில் மீன்காரர் வருகிறார். ரெக்கார்டு பண்ணி வைத்த குரல், "மீனேய், கடல் மீனேய், சங்கரா, நெத்திலி." தீத்துவின் வயிறு கேட்டுவிட்டுப் பதில் சொல்கிறது. மிரியாமின் உதடு ஒரு பக்கம் போய்த் திரும்புகிறது. போர்வை மேல் வாத்தியாரின் விரல் இரண்டு எழுந்து படுக்கின்றன. மீன் பிடிக்குமோ என்னவோ. மனுஷனுக்குக் கடைசியில் மீன் ஆசைதான் மிஞ்சும் போலிருக்கிறது. சமையலறையில் குக்கர் கத்துகிறது, சலோமி ஓடுவது கேட்கிறது. பிறகு மறுபடி விசிறி, டக் டக் என்று. அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்திருக்கிறேன். கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கிறேன், சட்டைப் பையில் சாவியைத் தேடுகிற மாதிரி. இல்லை. இருந்த இடம் தெரிகிறது. பெபேயின் முகம் கேட்டால் வராது, விரல் வைத்த உதடு மட்டும் வரும். எனக்குப் பயம் இதுதான், முகம் போன மாதிரி அந்த மூன்றாம் நாளும் போய்விடும். மனசுக்குள் சொல்லிப் பார்த்தாலும் மூன்றாம் நாள் என்ற இடத்தில்தான் நிற்கிறது, அதற்குப் பிறகு உள்ளதை ஒவ்வொரு தடவையும் தள்ளித்தான் கொண்டுவர வேண்டியிருக்கிறது. ஒரு நாள் தள்ள ஆள் இருக்காது. எனக்கும் ஒரு கட்டில் வரும். மிரியாம் கூட்டத்தில் எழுந்து ஏனோக்கு மாமாவுக்கு என்பாள், பேர் சொல்வாள், வருவார்கள், தீத்து வருவான், தூங்குவான். வந்தவர்களுக்கு இது தெரியாது. பெபே சொன்னதைக் கேட்டவன் உலகத்தில் நான் ஒருவன்தான். பூனையும் கேட்டிருக்கும். நாலாவது நாற்காலியைப் பார்த்துவிட்டேன். பார்க்கக் கூடாது என்றிருந்தேன், பார்த்துவிட்டேன். நீல நிறம், கை வைக்கிற இடத்தில் விரிசல். யாரும் இல்லை. எவ்வளவு நேரம் பார்த்தாலும் யாரும் இல்லை. அவளுக்கு மட்டும் எப்படி இருந்தார்கள்? பயப்படாத கண் வேண்டும் போலிருக்கிறது. வாத்தியார் கண் திறந்திருக்கிறார். எப்போது திறந்தார்? கூரையைப் பார்க்கிறார். காது கேட்கும் என்று சலோமி சபையில் சொல்லியிருக்கிறாள், பேச்சுதான் போய்விட்டது, ஆள் அடையாளம் போய்விட்டது, காது இருக்கிறது. காது இருக்கிறது. முட்டி ஆடுகிறது. இடது முட்டி. வலது முட்டி ஆடுகிறதா தெரியவில்லை. இது அந்தச் சொல்லா, வெறும் வயசா? நெஞ்சு இடிக்கவில்லை. நெஞ்சு இடித்தால்தான் எழ வேண்டும் என்பார்கள். இடிக்கவில்லை என்றாலும் எழுந்தால் என்ன. விருந்தாளி இல்லை. ரயில் இல்லை. மூப்பர் பெஞ்சு இல்லை, முடித்து வைக்கிற கை இன்றைக்கு என்னுடையது. நான் குலுக்கினால்தான் முடியும். நான் குலுக்காவிட்டால் இது முடியவே முடியாது. இவரும் போக முடியாது.

நாற்காலிக் கையை அழுத்தி எழுகிறேன். பாதம் தரையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன், இருக்கிறது. தீத்து ஒரு கண்ணைத் திறக்கிறான். மிரியாம் நிமிர்ந்து உட்காருகிறாள், கை இரண்டையும் மடியில் கோத்துக்கொள்கிறாள், இதற்காகத்தான் என்னை அனுப்பினாள். குரல் வருமா என்று பயந்தேன், வந்துவிட்டது, யாரோ பக்கத்து அறையில் பேசுகிற மாதிரி. "பெபே படுத்திருந்தப்போ நான் நாலு நாற்காலி போட்டேன். சபையிலருந்து ஒருத்தரும் வரல. மூணாம் நாள்..." போர்வை அசைகிறது. அந்தக் கை எழுந்திருக்கிறது. மெதுவாக, தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி, நரம்பும் எலும்புமாக என் பக்கம் வருகிறது. கட்டை விரல் மேலே, மற்ற நாலும் சேர்ந்து. குலுக்கக் கேட்கிற கை. என் வயிற்றுக்கு நேரே வந்து நிற்கிறது. கண் என்னைப் பார்க்கிறதா, கூரையைப் பார்க்கிறதா? மூணாம் நாள் என்று மறுபடி சொல்கிறேன். கை போகவில்லை. நீட்டிய கையை விடக் கூடாது என்பது எங்கள் பிள்ளைகளுக்கு அகரத்துக்கு முன்னால் சொல்லிக்கொடுப்பது. நான் பிடித்தேனா, அது வந்து விழுந்ததா தெரியவில்லை, என் கைக்குள் இருக்கிறது. சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. ஒரு தடவை அசைகிறது, மேலும் கீழும், பழைய பழக்கத்தின் கச்சிதத்தோடு. தீத்து அந்தப் பக்கத்திலிருந்து "சமாதானம்" என்று பெருமூச்சு விட்டு எழுந்து மிரியாமின் கையைக் குலுக்குகிறான். முடிந்துவிட்டது. நான் நின்றுகொண்டிருக்கிறேன். மிரியாமுக்குக் கண்ணில் தண்ணீர்.

"மாமா," என்கிறாள், "இத்தனை வருஷம் கழிச்சி. ஐயாவே நீட்டிட்டாரு பாத்தீங்களா. பேச முடியாதவரு, நீங்க பேரைச் சொன்னதும் கேட்டுட்டாரு." தீத்து என் முதுகைத் தட்டுகிறான். "டிரைவரண்ணே, பிரேக்கு புடிச்சா மாதிரி நின்னுட்டீங்களே. உங்க கண்ணுலயும் தண்ணி வரும்னு பாத்தேன், ரேடியேட்டர் காஞ்சிப்போச்சா?" "இதை மாதக் கூட்டத்துல சொல்லணும்," என்கிறாள் மிரியாம், "ஆறு சபைக்கும் தெரியணும்." நான், "நான் இன்னும் சொல்லி முடிக்கல மிரியாம்" என்கிறேன். "சொல்லாட்டி என்ன மாமா, அதான் அவருக்குப் புரிஞ்சிடுச்சே. அவர் மன்னிப்பு கேட்டாச்சு, நீங்க குடுத்தாச்சு." சலோமி டீத் தட்டோடு வருகிறாள். எங்கள் முகத்தைப் பார்த்து என்ன என்கிறாள். மிரியாம் சொல்கிறாள், ஐயா கை நீட்டியதை, நான் பிடித்ததை, சொல்லும்போது குரல் உடைகிறது. சலோமி தட்டை ஸ்டூலில் வைக்கிறாள். "கையா? அது யாரு பேசினாலும் மாமா நீட்டுவாருக்கா. ரெண்டு மாசமா அதான் வேலை. குரல் கேட்டா போதும், கூட்டம் முடிக்கிறாரு. ஒரு தடவ குலுக்கிட்டா கொஞ்ச நேரம் அடங்கிடுவாரு. ஊசி போட வர்ற பொண்ணு எப்பிடியிருக்கீங்க தாத்தான்னா நீட்டுவாரு. முந்தாநேத்து மீன்காரரு ஜன்னலாண்ட நின்னு, சங்கரா நல்லாருக்கும்மான்னாரு. அதுக்கும் நீட்டுனாரு. மீன்காரரு பாவம், எட்டிக் கை குடுத்துட்டுப் போனாரு." தீத்து சிரிக்க ஆரம்பித்து, மிரியாமைப் பார்த்துவிட்டு, டீயில் வாயை வைத்து அடக்குகிறான். மிரியாம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். "அப்பிடிச் சொல்லாத சலோமி," என்கிறாள், "இன்னிக்கு நீட்டினது வேற." அவள் எழுதிவிடுவாள். எழுதியதை வாசிப்பாள், அமைதியாக இருப்போம், யாரும் எழுந்து இல்லை என்று சொல்ல மாட்டார்கள். ஆறு சபையிலும் நான் மன்னித்தவன் ஆகிவிடுவேன். டீ சூடாக இருக்க வேண்டும், ஆவி வருகிறது. குடிக்கிறேன். வேண்டுமென்றே நிறுத்தினார் என்றாலாவது கோபப்பட ஏதாவது இருந்திருக்கும். மீன்காரருக்குக் கொடுத்த கை. உள்ளே வருத்தம் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கிறேன், ஒன்றும் அகப்படவில்லை, டம்ளரின் விளிம்பு பல்லில் படுவது தெரிகிறது.

"அடுத்த வாரம் யாரை அனுப்புறது," என்று மிரியாம் தன்னையே கேட்டுக்கொள்கிறாள். "இருந்தார்னா." தீத்து கடை, சரக்கு வருகிற நாள் என்று ஏதோ சொல்கிறான். நான், "நான் வர்றேன்" என்கிறேன். மிரியாமின் கண் மறுபடி நிறைகிறது, நிறையட்டும். வேறு மூன்று பேரைப் பார், நாலு நாற்காலியிலும் ஆள் இருக்கணும் என்கிறேன், சரி மாமா என்கிறாள். அவர்கள் செருப்புப் போட வாசலுக்குப் போகிறார்கள். நான் என் நாற்காலியைத் தூக்குகிறேன், அது ஒன்றும் கனமில்லை, கட்டிலைச் சுற்றிக் கொண்டுபோய்க் கால்மாட்டுப் பக்கம், அவர் கை எட்டாத இடத்தில் போடுகிறேன். சலோமி பார்த்துக்கொண்டிருக்கிறாள். "இன்னா பெரியப்பா அங்க போடறீங்க? அங்க காத்து வராது. அவரு மூஞ்சிகூட சரியா தெரியாது." "இது இங்கயே இருக்கட்டும்மா. அடுத்த வாரம் நான் இங்க ஒக்காந்துக்கறேன். தள்ளிப் பேசுனா அவருக்குக் காது கேக்குமில்ல?" "காது கேக்கும். காதுக்கு ஒண்ணும் கொறையில்ல." "அது போதும்." நாங்கள் பேசுகிற சத்தத்துக்குப் போர்வை மேலிருந்து அந்தக் கை மறுபடியும் எழுகிறது. நான் இருந்த பக்கமாகத்தான் நீள்கிறது, அங்கே இப்போது யாரும் இல்லை. காற்றில் நிற்கிறது, கட்டை விரல் மேலே, நாலு விரல் சேர்ந்து. சலோமி போய்ப் பிடித்து இறக்கப் போகிறாள். "விடும்மா," என்கிறேன், "கொஞ்ச நேரம் இருக்கட்டும்."